அதிருகிற வோக்கிதான் வேணும்

யேசுரட்ணத்துக்கு அதிருகிற வோக்கிதான் வேண்டும். ஏன் என்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டார்.

2008ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. லண்டன் அல்பேட்டனில் அவருடைய டயர் கடை. ஐந்து மணிக்கு ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, பழைய டயர்களை அடுக்கி அதன்மேல் குந்திக்கொண்டு குழு கூடியிருந்தது. குழு என்றால் ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டர்வேயைத் தாண்டி ஒரு காட்டுக்குப் போய், பிளாஸ்டிக் உருண்டை துப்புகிற விளையாட்டுத் துவக்குகளால் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களைச் சுடுவதும் அவர்களிடம் சூடு வாங்குவதும் இவர்களுடைய பொழுதுபோக்கு. ஏர்சொஃப்ட் என்று பெயர். 'சண்டைக்குப் பயந்து ஓடிவந்த சனம், இப்ப காசு கட்டிச் சண்டைக்குப் போகுது' என்று யேசுரட்ணத்தின் மனைவி ரஜனி கோயிலில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

துவக்குகள் கிரிக்கெட் பைக்குள்தான் யேசுரட்ணத்தின் வான் வண்டியில் ஏறும். அக்கம்பக்கத்துக்கு இவர்கள் ஒரு கிரிக்கெட் குழு. இரண்டு வருடத்தில் ஒரு மட்டைகூடக் கண்ணில் படவில்லையே என்று ஒரு குஞ்சும் கேட்டதில்லை. லண்டனில் அது ஒரு வசதி.

குளிர்காலம் முழுக்கத் தோல்வி. அவனவன் ஒவ்வொரு பற்றைக்குள் கிடந்தான். யார் எங்கே என்று யாருக்கும் தெரியாது. டிசம்பரில் ஒரு தடவை தங்கள் ஆட்களையே இருபது நிமிடம் சுற்றி வளைத்து வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் வோக்கி டோக்கி வாங்குவது என்று முடிவானது. தெரிவு செய்கிற பொறுப்பு மாதவனிடம் போனது. மாதவன் சென்னைக்காரர். ஹரோவில் வீடு, வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை. எதைக் கொடுத்தாலும் எக்செல்லில் போட்டுப் பார்ப்பார். இதையும் போட்டார். மேலே மூன்று வோக்கி, பக்கத்தில் பதினான்கு தகுதி, கீழே மொத்தப் புள்ளி.

"மூணுமே லைசென்ஸ் தேவையில்லாத ரகம்," என்றார் மாதவன், லேப்டாப்பை ஒரு டயரின்மேல் வைத்து. "அரை வாட், எட்டுச் சேனல். பெட்டியில எட்டுக் கிலோமீட்டர்னு போட்டிருப்பான், நம்பாதீங்க. காட்டுக்குள்ள அறுநூறு மீட்டர் போனாலே பெரிசு. முதலாவது சின்னது, மலிவு, மழையில செத்துடும். ரெண்டாவதுல காதுல மாட்டற இயர்பீஸ் இருக்கு, காலர்ல மைக் இருக்கு. மூணாவது..."

மூன்றாவதை துஷ்யா கையில் தூக்கிப் பார்த்தாள். வெம்பிளியில் மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண். குழுவில் குறி தவறாமல் சுடுகிற ஒரே ஆள்.

"அண்ணை, இது செங்கல்லு மாதிரிக் கிடக்கு."

"மூணாவதுக்கு நாற்பத்தொண்ணு மார்க்," என்றார் மாதவன். "ரெண்டாவதுக்கு எழுபத்தெட்டு. சொல்றதுக்கு வேற ஒண்ணுமில்ல."

"மூண்டாவது அதிரும்," என்றார் யேசுரட்ணம்.

"அதிரும். யாராவது கூப்பிட்டா பாக்கெட்டுக்குள்ள அதிரும். அதுக்கு ஒரு மார்க் கொடுத்திருக்கேன்."

"அதிருறது நல்லது."

"எதுல நல்லது அண்ணே? ஒரு காரணம் சொல்லுங்க, புதுசா ஒரு வரிசையே சேர்த்துடறேன்."

யேசுரட்ணம் யோசித்தார். "சத்தம் வராது. எதிரிக்குக் கேக்காது."

"இயர்பீஸ் போட்டாலும் எதிரிக்குக் கேட்காதே."

"காதுக்குள்ள வயரை விட்டால் காது பழுதாப் போகும்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. காதைப் பற்றி அவராக வாய் திறந்து ஒன்பது வருடம். சட்டென்று எழும்பிப் போய் கேத்தலைப் போட்டார்.

விசயம் இதுதான். மனிதருக்கு இடது காது கேட்காது. கொஞ்சம் மந்தம், கொஞ்சம் அடைப்பு என்கிற கதையே இல்லை, சுத்தமாகப் போய்விட்டது. ஜெர்மனியில் எட்டு வருடம், இங்கே அதற்கு மேல், கார்ச் சில்லு நட்டுக் கழற்றுகிற காற்றுத் துவக்கை இடது தோளோடு அணைத்துப் பிடித்து வேலை செய்த பலன். ஸ்டுட்கார்ட்டில் முதலாளி காதுக்கு மூடி கொடுத்தான். அதைப் போட்டால் பாட்டுக் கேட்க ஏலாது என்று இவர் ஆணியில் தொங்கவிட்டார். இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள். அது கடை மேசை லாச்சிக்குள், சில்லுக்கு அடிக்கிற ஈயத் துண்டுகளோடு, பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. இது தெரிந்தவர்கள் இரண்டு பேர்: டாக்டர், ரஜனி. ரஜனிக்கும் தெரிய நாலு வருடம் எடுத்தது. சொன்னது காதில் விழாத புருஷன் என்றால் ஊரில் எந்தப் பெண்தான் சந்தேகப்படுவாள்?

ஏன் இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறார் என்றால், பட்டப்பெயருக்குப் பயந்து. அவருடைய ஊரான குருநகரில் ஆளுக்கு ஒரு குறை இருந்தால் அந்தக் குறைதான் ஆளின் பெயர். அவருடைய தாய்மாமன் ஏழு வயதில் ஒரு பொழுது பேச்சுத் திக்கிக் கொன்னினார். எழுபத்திரண்டு வயதில் கண் மூடும்போது பேப்பரில் வந்த மரண அறிவித்தலில், ஞானஸ்நானப் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் 'கொன்னை மரியான்' என்று போட்டிருந்தது. போட்டவர் சொந்தத் தம்பி. ஆள் யாரென்று சனத்துக்கு விளங்கவேண்டாமா என்றார். லண்டனுக்கு வந்தால் இந்தப் பழக்கம் போய்விடும் என்று நினைத்தால் நீங்கள் எங்கள் சனத்தை அறியவில்லை. இவர் இப்போது 'டயர் யேசு'. கௌரவமான பெயர், உழைத்துச் சம்பாதித்தது. 'செவிட்டு யேசு' என்று மாற ஒரு பூசை முடிந்து சனம் கலைகிற நேரம் போதும்.

ஆகவே ஒன்பது வருடமாக ஒரே தொழில்நுட்பம்: எது கேட்காவிட்டாலும் "ஓம்" என்பது. மனிதர்கள் பேசுவதில் முக்கால்வாசிக்கு ஓம் என்றால் போதும். மிச்சத்துக்கு "நல்லது" என்று ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். இதுவரை பெரிய சேதமில்லை.

சேதம் வந்தது காட்டில்தான். ஏர்சொஃப்டில் உருண்டை பட்டால் உடம்பில் அடையாளம் இராது. பட்டவன் தானாகக் கையைத் தூக்கி 'ஹிட்' என்று கத்திக்கொண்டு வெளியே போகவேண்டும். மிகக் கிட்ட வந்துவிட்டால் சுடக்கூடாது; 'சரண்டர்' என்று சொல்ல, மற்றவன் மரியாதையாக வெளியேறவேண்டும். முழு விளையாட்டும் நாணயத்தில் நடக்கிறது. டிசம்பரில் ஒருவன் இடது பக்கத்தில் நின்று சரண்டர் என்றான். இவர் பாட்டுக்கு நடந்து போனார். அவன் திரும்பவும் சொன்னான். இவர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். ஆட்டத்தை மேற்பார்க்கிற மார்ஷல் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்: கள்ள ஆட்டம், முதல் எச்சரிக்கை. இரண்டாவது எழுதினால் அந்தக் காட்டுக்குள் கால் வைக்க ஏலாது. வெளியேற்றப்பட்டவர் யார், எதற்கு என்று வாசலில் உள்ள பலகையிலும் போடுவார்கள்.

கிழமையில் ஆறு நாள் அடுத்தவனுடைய சில்லுக்குக் கீழே கிடக்கிற மனிதருக்கு அந்த ஒரு ஞாயிறுதான் இருக்கிறது. அதுவும் போய், நாற்பத்தாறு வயதில் கள்ளன் என்று பலகையில் பெயரும் ஏறினால்?

அதனால்தான் அதிருகிற வோக்கி. அது பொக்கெட்டில் கிடக்கும். அதிர்ந்தால் எடுத்து வலது காதில் வைக்கலாம். மற்ற நேரமெல்லாம் வலது காது காட்டுக்குத் திறந்திருக்கும். இயர்பீஸ் என்றால் ஒரே ஒரு நல்ல காதையும் அடைத்துக்கொள்ளவேண்டும். சின்ன விசயம்தான், ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். அவர் தேத்தண்ணி ஊற்றினார்.

அடுத்த சனி காலை நோர்த் ஹரோவில் ஒரு பார்க்கில் பரிசோதனை வைத்தார்கள். மாதவன் மூன்று சோடியையும் இரவல் வாங்கி வந்திருந்தார். ஜதுசன் என்கிற யூனிவர்சிட்டிப் பெடியன் இந்தப் பக்கம். யேசுரட்ணம் மைதானத்தின் அந்தப் பக்கம், மரத்தடியில்.

"அண்ணை, கேக்குதோ?" என்றான் ஜதுசன்.

"ஓம், கேக்குது. சாப்பிட்டாச்சோ?"

"ஓம் அண்ணை, பாண் சாப்பிட்டனான். நீங்கள்?"

"சாப்பிட்டன், சாப்பிட்டன். அம்மா சுகமோ?"

"சுகம். அப்ப வைக்கட்டே அண்ணை?"

"ஓம், வையும்."

"சரி அண்ணை."

"சரி."

"ஓம், அப்ப சரி."

மாதவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாற்பது செகண்டு. இந்த நேரத்துல ஆறு பேரும் செத்திருப்போம்," என்றார். இதில் ஒருவர் பொத்தானை அமத்திப் பேசும்போது மற்றவர் பேச ஏலாது என்பதை அவர் ஏற்கெனவே இரண்டு தடவை விளக்கியிருந்தார்.

இரண்டாவது சோடிக்கு யேசுரட்ணம் இயர்பீஸை மாட்டவேண்டி வந்தது. பார்த்துக்கொண்டு நின்ற துஷ்யா, "லெஃப்ட்ல போடுங்கோ அண்ணை, வலது கை துவக்குக்கு வேணுமெல்லே," என்றாள். நியாயமான பேச்சு. இடது காதில் போட்டார். பிறகு ஜதுசன் என்ன கேட்டானோ, எத்தனை கேள்வி கேட்டானோ, இவர் ஐந்து விநாடிக்கு ஒரு தடவை பொத்தானை அமத்தி "ஓம்" என்றுகொண்டிருந்தார்.

"முந்தினதை விட இது தெளிவோ எண்டு கேட்டன், ஓம் எண்டார்," என்றான் ஜதுசன், திரும்பி வந்து. "முந்தினதுதான் தெளிவோ எண்டும் கேட்டன். அதுக்கும் ஓம். சேனல் மாறிப்போய் பக்கத்துத் தெருவில பில்டிங் கட்டுறவன் ஒருத்தன் கிரேனை இறக்கட்டோ எண்டு கேட்டான், அண்ணை அவனுக்கும் ஓம் எண்டார்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யேசுரட்ணமும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். கிரேனுக்கு என்ன நடந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

வாக்கெடுப்பில் இரண்டாவது வோக்கிக்கு ஐந்து, மூன்றாவதுக்கு ஒன்று. "அண்ணை ஆசைப்பட்டால் அதையே வாங்குவம்," என்று துஷ்யா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். மாதவன் முகத்தைப் பார்த்துவிட்டு யேசுரட்ணமே வேண்டாம் என்றார். பாவம், பதினான்கு வரிசை போட்டவன்.

ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு. புது வோக்கியோடு முதல் ஆட்டம். கார் நிறுத்துமிடத்தில் நின்று யேசுரட்ணம் கையில் இயர்பீஸை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். இடது காதில் போட்டால் குழு இல்லை. வலது காதில் போட்டால் காடு இல்லை. குழுவோடு வந்த மனிதர் குழுவைத்தானே கேட்கவேண்டும் என்று வலது காதில் செருகினார்.

ஐயோ, என்ன சுகம்! இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் குழு பேசுவது அவருக்கு முழுவதாகக் கேட்டது. 'பாலத்துக்குப் பக்கத்தில இரண்டு பேர்', 'துஷ்யா சுத்தி வா', 'லெஃப்ட் கிளியர்'. ஜதுசன் மூச்சு வாங்குவது கேட்டது. மாதவன் தனக்குள் ஏதோ பாட்டு முணுமுணுப்பது கேட்டது. சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு பற்றைகளுக்கு நடுவில் நடந்தார். காடு ஊமைப்படமாக இருந்தது. அதைப் பற்றி யாருக்குக் கவலை?

ஒரு இளைஞன் புதருக்குப் பின்னாலிருந்து எழும்பி, இரண்டு மீட்டரில், சரண்டர் என்றான். பிறகு இன்னொரு தடவை, உரத்து. துவக்கையும் தாழ்த்திவிட்டான், ஒழுங்கான பெடியன். யேசுரட்ணம் எதற்கோ அந்தப் பக்கம் திரும்பினார். ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. சுட்டார். நாலு உருண்டை, கழுத்தில்.

விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். செம்மஞ்சள் மேலங்கி போட்ட மார்ஷல் புத்தகத்தோடு வந்தான். இரண்டு பக்கத்து ஆட்களும் சுற்றி நின்றார்கள். கழுத்தில் நாலு சிவப்புப் பொட்டோடு அந்த இளைஞன், கோபமில்லாமல்தான், சில பேர் அப்படித்தான், வென்றால் போதும் அவர்களுக்கு என்றான்.

"ரேடியோ கோளாறு," என்றார் மாதவன் ஆங்கிலத்தில், முன்னுக்கு வந்து. "சத்தம் மொத்தமா அடைச்சிடுச்சு. ரேடியோவைத் தேர்ந்தெடுத்தது நான். தப்பு என்னோடது." எழுபத்தெட்டுப் புள்ளி கொடுத்த ரேடியோவை அவர் அப்படிக் கைகழுவினார்.

"நான்தான் அந்த நேரம் அவரோட கத்திக் கதைச்சுக்கொண்டிருந்தன்," என்று ஜதுசனும் ஒரு பொய்யைச் சேர்த்தான். அவன் கதைக்கவே இல்லை.

மார்ஷல் ஏதோ கேட்டான். இவர் இயர்பீஸைக் கழற்றினார். மார்ஷல் திரும்பக் கேட்டான்: அவன் சொன்னது உனக்குக் கேட்டதா இல்லையா? பேனா மூடி திறந்திருந்தது.

சுற்றி நின்ற ஐந்து முகத்தையும் யேசுரட்ணம் பார்த்தார். தனக்காக இந்தப் பிள்ளைகள் இப்படிப் பொய் சொல்லுதுகளே. கள்ளன் என்று எழுதுவித்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போகலாம். ரேடியோ கோளாறுதான் என்று இவர்களும் கடைசிவரை நம்பாமல் நம்புவார்கள். ஆனால் வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே.

"எனக்கு இடது காது கேக்காது," என்றார்.

யாராவது மொழிபெயர்ப்பார்கள் என்று மார்ஷல் காத்து நின்றான். எல்லோரும் இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆகவே அந்தக் கொடுமையை ஆங்கிலத்திலும் அவரே சொல்லவேண்டி வந்தது. ஒன்பது வருடம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

"முதலே சொல்லியிருக்கலாமே," என்றான் மார்ஷல். புத்தகத்தை மூடிவிட்டு, வண்டியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தான். அதற்குள் நீலக் கைப்பட்டிகள், ஒரு டசின் இருக்கும். இது போட்டவனுக்குச் சரண்டர் சொல்வதில்லை, தோளில் தட்டுவது என்று விளக்கினான். இரண்டு காதும் கேட்காத தபால்காரர் ஒருவர் மூன்று வருடமாக இங்கே ஆடுகிறாராம். ஒரு படிவம் நீட்டினான். இடதா, வலதா, இரண்டுமா என்று பெட்டி போட்டிருந்தது. யேசுரட்ணம் இடதுக்குச் சரி போட்டார். டிசம்பர் எச்சரிக்கையையும் மார்ஷல் வெட்டிவிட்டான். எல்லாம் சேர்த்து நாலு நிமிடம். கழுத்தில் பொட்டு விழுந்த பெடியன் வந்து கை கொடுத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் ஆக்கினை. "அண்ணை! தண்ணி! வேணுமோ!" என்று துஷ்யா முகத்துக்கு நேரே நின்று கத்தினாள். ஜதுசன் ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்து, கையால் சாப்பாட்டுச் சைகையும் காட்டினான்.

"மற்றக் காது நல்லாத்தான் இருக்கு," என்றார் யேசுரட்ணம். "நீங்கள் கத்துற கத்தில அதுவும் போயிடும்."

பின்னேரம் திரும்பும்போது, "நான் ஓட்டறேன் அண்ணே," என்று மாதவன் வான் சாவியைக் கேட்டார். காது கேட்காவிட்டால் கண்ணும் தெரியாது என்று நினைத்துவிட்டார்போல. மற்ற நாளென்றால் யேசுரட்ணம் ஏறிப் பாய்ந்திருப்பார். அன்றைக்கு அலுப்பு. திறப்பைக் கொடுத்துவிட்டு மாதவனின் இடத்தில், இடது பக்கத்தில் ஏறிக் குந்தினார். இந்த வானின் அந்தப் பக்கத்தில் அவர் இருந்ததே இல்லை. எப்போதும் அவர்தான் சாரதி. மாதவன் அவருடைய இடது கைப்பக்கம் இருந்து பேசிக்கொண்டு வருவார். இப்போது மாதவன் வலது பக்கம்.

மோட்டர்வே வழக்கம்போல நின்றுபோயிருந்தது. பின்னால் எல்லோரும் நித்திரை. கொஞ்ச நேரம் மாதவன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, கத்தாமல், சாதாரணமாகக் கேட்டார். அன்றைக்கு அவரிடம் கத்தாத ஒரே ஆள் அவர்தான்.

"அண்ணே, பிரியம்வதா போனது உங்களுக்குத் தெரியுமா?"

"உம்மட பெண்சாதியோ? எங்க?"

மாதவன் அவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ தெரியாது. போன செப்டம்பர்ல, இதே ரோட்டுல, இதே மாதிரி டிராஃபிக். நீங்க ஓட்டிட்டிருந்தீங்க. குழந்தையைக் கூட்டிட்டு அவ சென்னைக்குப் போயிட்டா, இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டான்னு உங்ககிட்டச் சொன்னேன். முதல்முதல்ல உங்ககிட்டத்தான் சொன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன் அண்ணே."

"நான் என்ன சொன்னன்?"

"'ஓம், ஓம், நல்லது'ன்னீங்க. அப்புறம் மழை வரும்போல இருக்குன்னீங்க."

முன்னால் நின்ற லொறி ஒரு அடி நகர்ந்தது. மாதவனும் ஒரு அடி நகர்த்தினார்.

"போய் அவளைக் கூப்பிடலாம்னுதான் இருந்தேன்," என்றார். "டிக்கெட்கூடப் போட்டு வெச்சிருந்தேன். வயசுல பெரியவர், நாலு இடம் பார்த்தவர், முழுசாக் கேட்டுட்டு நல்லதுங்கறார்னா ஏதோ யோசிச்சுத்தான் சொல்வார்னு தோணிச்சு. கேன்சல் பண்ணிட்டேன்."

"தம்பி, நான் அப்பிடிச் சொல்லேல்லை. எனக்கு ஒரு சொல்லும் கேக்கேல்லை. அது நல்லதில்லை. உடன போம். போய்க் கூப்பிடும்."

"ஏழு மாசம் ஆச்சு அண்ணே," என்றார் மாதவன். தெருவைப் பார்த்தபடி, மெல்லத்தான் சொன்னார். யேசுரட்ணத்துக்கு அது முழுவதாகக் கேட்டது.